மூன்றாவது ரிம்

 

நம் வீட்டு மாருதி 800 உங்களில் பலருக்குத் தெரியும். 2014-இல் அந்த வண்டி உற்பத்தியே நின்றுவிட்டது. நம்முடையது இன்னும் ஓடுகிறது. போன மாதம் அதன் சக்கரங்களுக்குப் பெயிண்ட் அடித்தேன்.

பெயிண்டர் தம்பி, "மேலாகத் தேய்ச்சுட்டு ஸ்பிரே அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. துருவின் மேல் அடித்த பெயிண்ட் சீக்கிரமே கொப்பளித்து உரியும். பஞ்சர் கடையில் டயர்களைக் கழற்றச் சொல்லி, 12 அங்குல ரிம்களை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

பெயிண்ட் ரிமூவர் தடவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு 80, 180, 320 என்று வரிசையாக உப்புத்தாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் மாஸ்க் அவசியம்.

வெறும் இரும்பு தெரிந்ததும், மூன்றாவது ரிம்மில் நட் ஓட்டை ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு. கீறலா, விரிசலா? மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவினேன். உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரிந்தது. விரிசலேதான்!

சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பது அந்த நான்கு நட்டுகள்தான். அந்த இடத்தில் விரிசல் விட்டால் வெல்டிங்கை நம்பக் கூடாது. பழைய இரும்புக் கடையில் என் கண்ணெதிரே அதை இரண்டாக வெட்டச் சொன்னேன். இன்னொருவர் வண்டிக்குப் போய்விடக் கூடாதல்லவா? மேலாகப் பெயிண்ட் அடித்திருந்தால், அந்தச் சக்கரத்தின் மேல்தான் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து போயிருப்பார்கள்.

நல்ல ரிம் ஒன்று வாங்கி, நான்குக்கும் எபாக்ஸி பிரைமர், மேலே சில்வர் பெயிண்ட் மெல்லிசாக மூன்று கோட். நட் உட்காரும் இடத்தில் பெயிண்ட் தடிக்கக் கூடாது. அது நசுங்கினால் நட் தளரும். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்த்தேன்.

பழைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை டயர் மாற்றும்போது ரிம்மையும் திருப்பிப் பாருங்கள். சந்தேகமென்றால் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். சாக்பீஸ் இருக்கிறது, காபியும் உண்டு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்