உயர மறுக்கும் கை

பள்ளிமுனையில் அந்த நோயைப் பெயர் சொல்லி அழைப்பார் இல்லை. "நெஞ்சில கட்டி" என்பர். மிஞ்சினால் "அந்த வருத்தம்" என்பர். வகுப்பறையிலோ, கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரை மீது எறிந்த கதையை நாம் கூச்சமின்றிக் கற்பிக்கிறோம். காவியத்தில் வாழும் சொல் வீட்டுக்குள் வாயடைத்துப் போனது ஏன் என்பது தமிழ் படித்த நமக்கே விளங்கவில்லை. ஊர்க் காவலியாகிய புனித லூசியாவிடம் கண்ணுக்காக மன்றாடுகிறார்கள். அந்த லூசியா நோயுற்ற தன் தாயோடு சென்று மன்றாடியது மார்பு அறுக்கப்பட்ட புனித ஆகத்தாவின் கல்லறையில் என்று பழங்கதை கூறும். அந்தப் பகுதியை எவரும் எடுத்துச் சொல்ல நாம் கேட்டதில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் நம் மாணவி ஒருத்தி வகுப்புக்கு வராது நின்றுவிட்டாள். வீடு தேடிப் போனோம். அவள் தாய் நண்டுச் சதை பிரித்து, எடைக்குக் கூலி பெறுபவள். ஓராண்டுக்கு முன்னர் வெளியூர் வைத்தியசாலையொன்றில் வலப்பக்க மார்பகம் அகற்றப்பட்டிருந்தது.

"காயம் ஆறிட்டுது ரீச்சர். ஆனா உள்ளுக்க யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரிக் கிடக்கு. கொடியில சீலை போடவும் கை எழும்புதில்ல. அசைச்சாத் தையல் விட்டுப்போகும் எண்டு சனம் சொன்னது, அப்பிடியே வச்சிருந்தன்" என்றாள்.

வீடு திரும்பும்போது அவள் கையில் கொடுத்துவிட்ட அறிவுரைத் தாளைக் காட்டினாள். அது சிங்களத்தில் இருந்தது! தாயின் இடத்தில் மகள் நண்டு உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

மார்பகத்தின் அடியில் விசிறிபோல் விரிந்து மேற்கை எலும்பைப் பற்றி நிற்பது மார்புப் பெருந்தசை. பாரம் தூக்குவதிலும் வலை இழுப்பதிலும் அதன் பங்கு பெரிது. அமெரிக்க வைத்தியர் ஹால்ஸ்டெட் 1894 இல் வெளியிட்ட முறைப்படி மார்பகத்தோடு அத்தசையும் வெட்டியெறியப்பட்டது. அதை விட்டுவைக்கலாம் என்று 1948 இல் இலண்டனில் டேவிட் பேற்றி எழுதினார். 1971 இல் பேர்னாட் ஃபிஷர் தொடங்கிய ஆய்வோ, தசையை வெட்டியதால் எவர் ஆயுளும் கூடவில்லை என்றே காட்டியது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக எத்தனை பெண்கள் வெறும் விலாவெலும்போடு வாழ்ந்திருப்பர்!

இன்று பெரும்பாலும் தசை தப்பிவிடுகிறது. ஆயினும் துன்பம் தப்புவதில்லை. வடு தசையோடு ஒட்டுகிறது, கதிர்ச் சிகிச்சை அதை இறுக்குகிறது, அசையாத தோள் உறைந்துபோகிறது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கவும் கூடும். நண்டின் ஓடு கீறும் சிறு காயமே அத்தகைய கையில் கிருமி புக வாசலாகும். சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். கையுறை அவளுக்கு அலங்காரப் பொருளன்று.

ரொறொன்ரோவில் வாழும் நம் சிற்றன்னை மகளுக்கும் இதே தசையில்தான் தொல்லை. 1962 இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சிலிக்கோன் பை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மார்பகம் இழந்த அவளுக்கும் அத்தகைய பையொன்றைத் தசையின் கீழ்ப் பற்றைப் பிரித்து, அதற்கடியில் வைத்தார்கள். நாளடைவில் பையைச் சுற்றி வடு இறுகி வலிக்கவே, அதை எடுத்தும் விட்டார்கள். எடுத்த பின்னரும் தசை மேற்றோலோடு ஒட்டியிருக்கிறது. கதவைத் தள்ளினால் நெஞ்சு கோணித் துடிக்கிறதாம். அவளுக்கு வாரந்தோறும் இயன்மருத்துவர் இருக்கிறார். தொலைபேசியில் அவள் விவரித்த வலியும் நூல் கட்டி இழுக்கும் வலியே.

பள்ளிமுனைத் தாயை மன்னார் நகரில் இயன்மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களிலேயே மெல்லத் தொடங்கியிருக்க வேண்டிய பயிற்சி என்றார். பிந்தினாலும் பயனுண்டு என்றார். சுவரை நோக்கி நின்று, விரல்களை நண்டுபோல் மேலே ஊரவிட வேண்டும். தசை இழுபடலாம், குத்தும் வலி கூடாது. "நண்டு எனக்குப் புதுசோ?" என்று அவள் சிரித்தாள்.

மகள் ஒவ்வொரு கிழமையும் விரல் எட்டிய இடத்தில் கரிக்கோடு கிழிக்கிறாள். சென்ற ஞாயிறு ஆறாவது கோடு. அது இன்னும் மகளின் தலைமட்டத்தை எட்டவில்லை. திங்களும் செவ்வாயும் அவள் வகுப்புக்கு வருகிறாள். மற்ற நாட்களில் நண்டு உடைக்கிறாள்.