தரையோடு தரையாக

களமருதூர் ஏரிக்கரை மண்சாலையில் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான். வண்டி வெளிச்சத்தில் எதிரே ஒரு செங்கங்கு. "மாமா, நிறுத்துங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அது ஓசையில்லாமல் எழும்பி, சற்றுத் தள்ளி மறுபடி பாதையிலேயே உட்கார்ந்தது. பக்கிக் குருவி. பகலெல்லாம் சருகில் கிடந்து, இருட்டியதும் விட்டில் பிடிக்கக் கிளம்பும் பறவை.

மறுநாள் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிக் கல்வராயன் மலை ஏறினோம். வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு ஒற்றையடித் தடத்தில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் கையமர்த்தினார். இரண்டு எட்டு தள்ளிப் புள்ளிமான் குட்டி. கழுத்தைத் தரையில் நீட்டி, காதை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. புள்ளி எது, இலை வழியே விழுந்த வெயில் எது என்று பிரிக்க முடியவில்லை. ஈர மூக்கு மட்டும் லேசாகத் துடித்தது.

"ஆத்தா கிட்டத்துலதான் மேயும். நாம போனாத்தான் பால் குடுக்க வரும், வாங்க" என்றார்.

பக்கி கூடே கட்டாது. வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டு மேலே படுத்துவிடும். முட்டையும் தெரியாது, பறவையும் தெரியாது. மானுக்கோ புள்ளி ஆயுசுக்கும் நிலைத்தாலும், அசையாமல் கிடக்கும் வித்தை குட்டிப் பருவத்தோடு சரி. வளர்ந்தபின் கூட்டத்தையும் காலையும் நம்பும். பக்கிக்குக் கடைசிவரை அதுதான் முதல் காப்பு.

இரண்டின் கண்ணுக்குள்ளும் ஒளியைத் திருப்பியடிக்கும் அடுக்கு உண்டு. ஆந்தைக்குக்கூட அது இல்லை. சொற்ப நிலா வெளிச்சத்திலும் பார்க்கப் பழகிய அந்தக் கண்ணில் ஹைபீம் பாய்ந்தால், ஓடத் தெரிந்த மானும் திகைத்து நின்றுவிடுகிறது. சிறுத்தையிடமிருந்தும் வல்லூறிடமிருந்தும் காத்த அசையாமை, லாரிச் சக்கரத்தின் முன்னால் பலிக்காது.

இரவு இறங்கும்போது அடிபட்ட பக்கி ஒன்று தார்ச்சாலையில் கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அலகு துளியூண்டு, திறந்தால் வாய் கண்ணுக்குக் கீழ்வரை பிளக்கிறது, ஓரமெல்லாம் விறைத்த மயிர். நடுவிரல் நகத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசை; இறகு கோத உதவுமாம். இத்தனை நுணுக்கமாக வாய்த்த ஓர் உயிரை ஒரு நொடியில் நசுக்கிவிட்டு யாரோ போயிருக்கிறார்கள். மனசு ஆறவில்லை.

மேகம் அருவிக்கு வரும் வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன. கச்சிராயபாளையத்துக்கு மேலே காட்டுக்குள் போகும் சாலையில் இரவில் முப்பதுக்கு மேல் வேகம் கூடாது என்று வனத்துறை பலகை வைக்க வேண்டும். வளைவுகளில் வேகத்தடை போட வேண்டும். அதுவரை, ஏறுகிறவர்கள் விளக்கையாவது தாழ்த்திக்கொள்ளுங்கள்.