முகப்பும் உள்ளறையும்

பிட்காயின் விலை ஏறுமா, இறங்குமான்னு சொல்ற கட்டுரை இல்லை இது. அதுக்கு ஆளை விடுங்க :-) அந்த மென்பொருளுக்குள்ள என்ன இருக்குன்னுதான் பார்க்கப் போறோம்.

பிட்காயின் கோர்ல ரெண்டு முக்கியமான பகுதி. நோடு, முன்பின் தெரியாத கணினிகளோட பேசி, வர்ற ஒவ்வொரு பிளாக்கையும் சரிபார்க்கும். வாலட், உங்க ரகசியச் சாவியை வச்சுக்கிட்டு கையெழுத்துப் போடும்.

சிங்கம்புணரியில இருந்து திருப்பத்தூர் தாண்டி காரைக்குடிப் பக்கம் போனா, பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள். வெளியாள் வந்தா முகப்போட சரி. நகை நட்டெல்லாம் வளவைச் சுத்தி இருக்கற அறைகள்ல. நோடுதான் முகப்பு, வாலட் உள்ளறைன்னு வச்சுக்கங்க.

ஆரம்பத்துல இந்தப் பிரிவு சரியா இல்லை. நோடோட தரவுகளை வாலட் நேரடியாவே எடுத்துப் படிக்கும். ஒண்ணைத் திருத்தினா இன்னொண்ணு உடையும். 2018-ல இவங்களுக்கு நடுவுல 'செயின்'னு ஒரு இன்டர்ஃபேஸ் வச்சாங்க. "இந்த பிளாக் இருக்கா?", "இந்தப் பரிவர்த்தனையை அனுப்பு", "புது பிளாக் வந்தா சொல்லு"... இப்படி அது வழியாத்தான் வாலட் கேட்கணும். நோடு அதை எப்படிச் செய்யுதுங்கறது வாலட்டுக்குத் தேவையில்லாத விஷயம்.

ஆனா இது ஒழுங்குதான், பூட்டு இல்லை. ரெண்டும் ஒரே ப்ராசஸ், ஒரே நினைவகம். தரையில சாக்பீஸ் கோடு போட்டா வீட்டுக்காரங்க தாண்ட மாட்டாங்க. திருடன்? நோடுல பெரிய ஓட்டை கிடைச்சா சாவி வரைக்கும் கை நீளும். நிஜச் சுவர்னா தனித்தனி ப்ராசஸ். 2025 அக்டோபர்ல வந்த 30-ஆம் பதிப்புல மைனிங் மென்பொருள் தனி ப்ராசஸா நின்னு நோடோட பேச வழி பண்ணிட்டாங்க. வாலட் அந்தப் பதிப்புலயும் நோடுக்குள்ளேயேதான்.

சுவர் இருந்தா மட்டும் போதுமா? 2024 ஜூலை 18 அன்னிக்கு நம்ம நாட்டு வாசிர்எக்ஸ்ல சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போச்சு. பல பேர் கையெழுத்துப் போட்டாத்தான் திறக்கிற வாலட் அது! திரையில காட்டினது ஒண்ணு, கையெழுத்தானது வேறன்னு அந்த நிறுவனமே சொல்லுச்சு. சுவர் கெட்டியா இருந்தும், உள்ளே சேதி சொல்ற ஆள் மாத்திச் சொன்னா என்ன பண்றது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற நண்பர்களே, எது எதைத் தொடலாம், எது எதைத் தொடவே கூடாதுன்னு முதல்ல ஒரு தாள்ல எழுதுங்க. நிரல் அப்புறம் எழுதலாம்.