பாட்டி பாட்டும் லினக்ஸும்

எங்க வீட்டு ஸ்டுடியோ என்றால் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக். அவ்வளவுதான்! 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. 11-ஐ எங்கள் பெட்டி ஏற்காது. புதுசு வாங்கக் காசு ஏது? அண்ணன் உபுண்டு ஸ்டுடியோ போடலாம் என்றான்.

எனக்குப் பயம். பாட்டி பாடிய தாலாட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாட்டி இப்போது இல்லை. பழைய மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பு ஆர்டோரில் திறக்காது. அதனால் பாட்டி குரல், அண்ணன் தபேலா இரண்டையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வேவ் கோப்பாக்கி, பென்டிரைவில் ஏற்றிய பிறகுதான் லினக்ஸ் போட்டோம். அப்போதுதான் குரலும் தாளமும் மறுபடி சேரும்.

பஃபர் 256 சாம்பிள். 48,000 ஹெர்ட்ஸில் சுமார் 5 மில்லி செகண்ட். (நானே வகுத்துப் பார்த்தேன்!) அதிகமானால் நம் குரலே ஹெட்போனில் பிந்தி வரும்.

ஒரு தாலாட்டின் நடுவே பாட்டி இருமுகிறாள். அண்ணன் வெட்டிடலாம்ங்கிறான். நான் விடலை.