அவள் எழுதிய 650 சொற்கள்

"அத்தை, இது நான் பேசுற மாதிரியே இல்ல. நீங்க ரேடியோவுல பேசுற மாதிரி இருக்கு."

கடந்த ஆண்டு டிசம்பர் கடைசி வாரம். ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக வானொலி அறிவிப்பாளர். ஊடகத் துறையில் பட்டம் வேறு. என் எழுத்தையே குறை சொல்கிறாளே!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போவதாக அவள் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. அண்ணன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அண்ணி கிள்ளானில் நாசி லெமாக் கடை போட்டிருக்கிறார். "அதெல்லாம் பணக்காரப் பிள்ளைங்களுக்கும்மா" என்று நானும்தான் சொன்னேன்.

அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவர்களைக்கூட பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமலே தேர்ந்தெடுக்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டால் குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டு, நம்மால் முடியாத தொகையை அவர்களே ஏற்கிறார்கள். மற்ற பல இடங்களில் அப்படியில்லை. அங்கே உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கலாம். விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம். ஆனால் ஹார்வர்ட் போன்ற இடங்களில் 100 பேர் விண்ணப்பித்தால் 5 பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

நிதியுதவிப் படிவம் அண்ணியின் வருமானத்தைக் கேட்டது. கடைக்கு ஏது சம்பளச் சீட்டு? அவள் தினமும் எழுதிவந்த கணக்குப் புத்தகம்தான் கைகொடுத்தது.

கடைசியில் மிஞ்சியது கட்டுரை. 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். பள்ளிக் கட்டுரையில் கருத்து இருக்கும், எழுதியது யார் என்று தெரியாது. இங்கே அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவதே எழுதியவர் யார் என்பதைத்தான்.

அவள் எழுதியிருந்தது அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பற்றி. தாளை நான்காக மடித்து, மடிப்பின்மேல் சிவப்பு மையில் கோடு போடுவது. மழை நாளில் எத்தனை பொட்டலம் மிஞ்சும் என்று பார்த்து, குறைத்துக் கட்டச் சொன்னது. தேங்காய்ப்பால் விலை ஏறியும் அம்மா ஏன் 20 காசு கூட்ட மறுக்கிறார் என்று யோசித்தது.

எனக்கு அது போதவில்லை. மருத்துவமனை, அண்ணனின் கடைசி இரவு, அப்பா இல்லாத பெண்ணின் கனவு என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். கேட்பவர் கண்கலங்க வேண்டும் என்பது எனக்குத் தொழில் பழக்கம்.

படித்துவிட்டு அவள் சொன்னதுதான் முதல் வரியில் இருக்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா செத்ததைச் சொல்லி எனக்கு சீட்டு வேணாம் அத்தை."

நான் எழுதியதை அழித்தேன். எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.

ஐந்து இடங்களுக்கு அனுப்பினாள். மார்ச் இறுதிக்குள் நான்கு மறுப்பு, ஒரு காத்திருப்புப் பட்டியல். பிறகு அதுவும் இல்லை என்றானது. இப்போது உள்ளூர்ப் பொதுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். என் கட்டுரையை அனுப்பியிருந்தால் கிடைத்திருக்குமோ? அந்த எண்ணம் எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அது அவளுக்குக் கிடைத்த இடமாக இருந்திருக்காது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பித்தால் தடுக்காதீர்கள். படிவங்களுக்கு உதவுங்கள். கட்டுரையை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மறுப்புகள் வந்த வாரம் அண்ணி என்னிடம் கேட்டார்: "அப்படி என்னதாம்மா எழுதுனா?" ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தாளை நான்காக மடிக்கும் இடம் வந்ததும் அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கண்ணன் லோரி கணக்க இப்படித்தான் எழுதுவாரு."

அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.