வழிகாட்டுவார் யார்?

காட்டைப் பார்க்கக் கண் மட்டும் போதாது, காட்டுவாரும் வேண்டும். எங்கள் துறை மாணவர் பன்னிருவர் கல்விச் சுற்றுலாவாகக் கேரளத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்துக்குச் சென்றபோது இதை நன்கு உணர்ந்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. ஊர் ஓசை அடங்கிய மலையடிவாரம். 1979-இல் கேரள அரசு தொடங்கிய இந்நிலையம் இன்று ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பரப்பு 300 ஏக்கர். உதகைப் பூங்காவைப்போல் பாத்தி கட்டிப் பூக்களை அடுக்கிவைத்த இடம் அன்று இது. எங்கு நோக்கினும் பசுமை. ஒன்றையொன்று நெருக்கும் பசுமை. தனியே நடந்தால் அரை மணியில், "எல்லாம் மரந்தானே!" என்று சலித்துத் திரும்பிவிடலாம்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் தோட்டத்துப் பணியாளர் ஒருவர், முதியவர். மலையாளம் ஒன்றே பேசினார். வங்கத்து நண்பருக்கும் பஞ்சாபி நண்பருக்கும் அது விளங்கவில்லை. "நீ தமிழன் அல்லவா? எடுத்துச் சொல்" என்று ஆசிரியர் என்னை முன்னே தள்ளினார்.

மூங்கில் தோப்பில் பெரியவர் நின்றார். தரையைப் பிளந்து வந்த முளையொன்றைக் காட்டி, "இது உயரும், ஆனால் பருக்காது. பிறக்கும்போதே இதன் பருமன் இவ்வளவுதான்" என்றார். இதையே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். ஆயினும் அம்முளையைக் கையால் பற்றிப் பார்த்தபோதுதான் அந்தப் பாடம் எங்களுடையதாயிற்று.

சற்று அப்பால், நிழலில் தரையை ஒட்டி நின்ற சிறு செடியைக் காட்டி, "ஆரோக்கியப்பச்சை" என்றார். "டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ்" என்று நான் நண்பர்களுக்கு மொழிபெயர்த்தேன்! தொடர்ந்து அவர் சொன்ன வரலாற்றை நான் எடுத்துரைக்க, நண்பர்கள் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டனர்.

1987-இல் ஆராய்ச்சியாளர் சிலர் அகத்தியமலைக் காட்டில் ஏறினர். வழிகாட்டியவர்கள் காணி மக்கள். அறிஞர்கள் களைத்தனர், காணிகளோ ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். அது என்னவென்று கேட்டபோது முதலில் தயங்கினர். அது அவர்கள் குலத்தார் காத்துவந்த மறைபொருள். பின்னர் செடியைக் காட்டினர். அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை இந்நிலையம் உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் பெற்றது. அத்தொகையிலும் விற்பனையில் வரும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று.

பாதி போதுமா? திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் இதே சொற்போர். "ஆய்வுக்கூடம் இன்றி மருந்து ஏது?" என்றார் ஒருவர். "காட்டியவர் இன்றிச் செடியே ஏது?" என்றார் மற்றொருவர். என் மனம் இரண்டாமவர் பக்கமே சாய்ந்தது. எழுதிவைத்தவருக்கே அறிவு உரியது என்றால், எழுதாதவர் எல்லாரும் அறியாதவர் ஆகிவிடுவர் அல்லவா? ஏட்டில் ஏறும் முன்பே அந்தச் செடியின் குணம் எத்தனையோ கால்களுக்கு மலையேறும் வலிமை தந்திருக்கிறது.

அன்பர்களே, காணி மக்கள் நம் பாபநாச மலையிலும் வாழ்கின்றனர். அவ்வளவு தொலைவுகூடப் போகவேண்டுவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மில் பலருக்கு வீட்டுத் திண்ணையிலேயே வழிகாட்டிகள் உண்டு. வேலியோரத்துச் செடிகளைப் பற்றிப் பாட்டியிடம் கேளுங்கள். செடியின் பெயரைக் குறிக்கும் ஏட்டிலேயே, சொன்னவர் பெயரையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்.