விசிலுக்குப் பிறகுதான் வில்

சென்னைக்கு மேற்கே ஒரு புறநகர்ப் பள்ளி மைதானம். சனி, ஞாயிறு காலைகளில் அங்கே வில்வித்தை கிளப் நடக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் படிப்பது விசிலின் கணக்கை. இரண்டு தடவை ஊதினால் கோட்டுக்கு வரலாம். ஒரு தடவை ஊதினால் எய்யலாம். மூன்று ஊதினால் வில்லை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அம்பெடுக்கப் போகலாம். விடாமல் ஊதினால், நாணை முழுசாக இழுத்து நிற்பவரும் மெல்லத் தளர்த்தி இறக்கிவிட வேண்டும். சர்வதேசப் போட்டிகளிலும் இதே முறைதான். அம்பெடுக்கப் போகும்போது ஓடக் கூடாது. பலகையில் தைத்த அம்புகளின் பின்முனை ஓடி வரும் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் கவனித்தேன்.

அடுத்தது கண் சோதனை. இரு கைகளையும் நீட்டி, விரல்களால் சின்ன முக்கோணம் செய்து, அதன் வழியே கோச்சின் மூக்கைப் பார்க்கச் சொல்கிறார்கள். முக்கோணத்துக்குள் எந்தக் கண் தெரிகிறதோ அதுதான் குறி பார்க்கும் கண். வலது கையால் எழுதும் ஒரு சிறுமிக்கு இடது கண் வந்தது. இடக்கை வில்லை எடுத்து நீட்டினார் கோச். கூட வந்திருந்த அம்மாவுக்குப் பதற்றம். “சோத்துக்கை வலதுதான் சார் இவளுக்கு.”

“கை பழகிக்கும்மா. கண்ணை நாம மாத்த முடியாது.”

அந்த வில்லிலும் உடனே அம்பு பூட்டவில்லை. சில வாரங்கள் ரப்பர் பேண்டைத்தான் இழுக்க வேண்டும். நிற்பது, தோளை இறக்கிவைப்பது, இழுத்த கையின் ஆள்காட்டி விரலைத் தாடைக்கு அடியில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. இந்தக் கடைசி வேலைக்கு ‘ஆங்கர்’ என்று பெயர். நாண் மோவாயைத் தொட வேண்டும். இதே கிளப்பில் கற்று, இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்தான் உதவிப் பயிற்சியாளர். சிறுமிகளின் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்து, “கை இழுக்க வேணாம், முதுகு இழுக்கட்டும். என் விரலை நசுக்கு பாப்போம்” என்கிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதுகுத் தசையைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

பிறகு ஐந்து மீட்டர் தூரத்தில் வெறும் பலகை. தாள் இல்லை, வட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் இந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனமே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மஞ்சள் வட்டம் எதிரே இருந்தால் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; தன் முழங்கை எங்கே போகிறது என்பதை மறந்துவிடும். தாள் ஒட்டிய பிறகும் கோச் பார்ப்பது அம்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும். ஒரு பையன் பத்தில் அடித்துவிட்டுக் குதித்தான். “மத்த ரெண்டும் எங்கடா?” என்று கேட்டார். ஒன்று கறுப்பில், ஒன்று பலகைக்கு வெளியே புல்லில். பக்கத்துச் சிறுமியின் மூன்று அம்புகளும் கீழே நீலத்தில் ஒரே கொத்தாக நின்றன. பாராட்டு அவளுக்குத்தான். கொத்தாக விழுந்தால் குறியைக் கொஞ்சம் நகர்த்தி மஞ்சளுக்குக் கொண்டுபோய்விடலாம். சிதறினால் எதை நகர்த்துவது?

பிள்ளைகள் போன பிறகு நடக்கும் வேலையைப் பெற்றோர் யாரும் பார்ப்பதில்லை. நாண்களுக்கு மெழுகு தேய்க்கிறார்கள். பிய்ந்த இறகுகளைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுகிறார்கள். பெரியவர்கள் பயன்படுத்தும் கார்பன் அம்புகளை ஒவ்வொன்றாக லேசாக வளைத்துக் காதருகே பிடிக்கிறார்கள். ‘நெறுக்’ என்றால் அந்த அம்பு குப்பைக்கு. விரிசல் விட்ட அம்பு நாணிலிருந்து கிளம்பும்போதே உடைந்து, வில் பிடித்த கையில் சிம்பாக இறங்கலாம். சின்னவர்களின் அம்புகள் வேண்டுமென்றே நீளமானவை. முழுசாக இழுத்தாலும் முனை வில்லுக்கு முன்னால் சில விரற்கடை நீண்டிருக்க வேண்டும். குட்டையான அம்பு வில்லுக்குப் பின்னால் வந்துவிட்டால் விடும்போது கையைத்தான் துளைக்கும். பிள்ளைகள் வளர வளரக் கையும் நீளுகிறது. அதனால் அம்பை அடிக்கடி அளந்துபார்க்கிறார்கள். வில்லின் நடுக்கட்டை அப்படியே இருக்க, மேலும் கீழும் உள்ள லிம்புகளை மட்டும் கழற்றி மாற்றுகிறார்கள்: 14 பவுண்டு, 16, 18 என்று மெதுவாக ஏற்றம்.

பிள்ளைகள் வில்லுக்கு வந்துசேரும் கதை ஜார்க்கண்டில் வேறு மாதிரி. மூங்கில் வில் அங்கே பல ஊர்களில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற பொருள். ராஞ்சிப் பக்கத்து வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி அப்படித் தொடங்கி, கர்சாவான் பயிற்சி மையம் வழியாக ஜாம்ஷெட்பூரின் டாடா வில்வித்தை அகாடமிக்குப் போனவர். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். நம் அடுக்ககப் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்கு வில் அறிமுகமாவது செல்போனில். கைகளில்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைத் தாங்கி எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணி வெண்கலம் வென்றதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

ஒலிம்பிக் தூரத்தைக் காட்டவென்று ஒருநாள் எல்லோரையும் 70 மீட்டர் கோட்டுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே தாளின் விட்டம் 122 செ.மீ., பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் தாள் முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஒரு பையன் “சும்மா சொல்றீங்க சார்” என்றான்.

பயிற்சி முடிந்ததும் ஒரு தந்தை செல்போனை நீட்டினார். இணையத்தில் 30 பவுண்டு வில், தள்ளுபடியில். கோச் பொறுமையாக விளக்கினார்: பையன் பலத்தால் இழுக்கத் தொடங்குவான், தோள் மேலேறும், முகம் நாணைத் தேடிப் போகும், ஒரு மாதத்தில் பழகும் இந்தத் தவறைத் திருத்த ஒரு வருஷம் ஆகும். “இப்போதைக்கு விரலுக்கு டேபும் கைக்கு ஆர்ம்கார்டும் வாங்கிக் கொடுங்க, போதும். வில் எங்ககிட்ட இருக்கு.”

தந்தை தலையாட்டினார். பிறகு, “ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிஃபிகேட் எப்போ சார் கிடைக்கும்?” என்று கேட்டார். பையன் சேர்ந்து அன்றோடு இரண்டு வாரம்.